வங்கிக்காரரின் வாராக்கடன்

நியூயார்க் தெருவில் வயதான கணவனும் மனைவியும் நடந்துபோகிறார்கள். அன்றிரவு அவர் ரயிலேறி, கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் முதியோர் விடுதிக்குப் போகப்போகிறாள். அது அவருக்குத் தெரியாது. கடைசியாகக் கிடைத்திருக்கும் சில மணி நேரத்தில் ஊரைச் சுற்றுகிறார்கள். கார் விற்கும் ஆள் ஒருவன், இவர்கள் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். நடுவழியில்தான் விஷயம் புரிகிறது. இருவரும் கூசிப்போகிறார்கள். அவனோ, வண்டியை யாருக்காவது காட்டிப் பெருமைப்பட வேண்டும்போல் இருந்தது, அதனால்தான் ஏற்றிவந்தேன் என்கிற தொனியில் ஏதோ சொல்லிச் சமாளித்து, அவர்கள் கேட்ட ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறான். ஐம்பது வருடத்துக்கு முன் தேனிலவுக்கு வந்த ஓட்டல் அது. அந்த விற்பனையாளன் அதற்குப் பிறகு படத்தில் வருவதில்லை. லியோ மெக்கேரி இயக்கி 1937இல் வந்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’ அந்தப் படம்.

2003இல் வந்த ‘பாக்பான்’ இந்திப் படத்திலும் இதே காட்சி உண்டு. பிள்ளைகளால் பிரிக்கப்பட்ட தம்பதி, இடையில் கிடைத்த சில நாள் சுதந்திரத்தில் ஊர் சுற்றுகிறார்கள். கார் கடைக்காரன் இவர்களைப் பணக்காரர்கள் என்று நினைத்து வண்டியில் ஏற்றுகிறான். வாங்கப்போவதில்லை என்று தெரிந்ததும் எரிந்து விழுகிறான். அந்த நேரம் பார்த்து சல்மான் கான் வந்து சேர்கிறார். அவர் இந்தத் தம்பதி படிக்கவைத்து ஆளாக்கிய அனாதைப் பையன். அவமானத்துக்கு அங்கேயே பரிகாரம் கிடைத்துவிடுகிறது.

மூலத்தை ஒப்புக்கொண்டார்களா இல்லையா என்பது வேறு பேச்சு. நான் கவனிப்பது ஒன்றைத்தான். முதல் படத்தில் முன்பின் தெரியாத ஒருவன் மரியாதையாக நடந்துகொள்கிறான். பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காதது தெருவில் போகிறவனிடம் கிடைக்கிறது என்று நாமாகவே உணர்கிறோம். படம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாவது படத்தில் அவன் கெட்டவனாக மாற்றப்பட்டிருக்கிறான். மாற்றியதற்குக் காரணம் அவனுடைய குணத்தில் இல்லை. அடுத்த நிமிடம் நல்லவன் ஒருவன் உள்ளே வர வேண்டும், அதற்குக் கதவு திறந்துவிட ஆள் தேவைப்படுகிறது. எழுத்து பலவீனம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் அதைத் தொழில்திறமைக் குறைவு என்று மட்டும் எழுதிக் கடந்துவிடுகிறோம். குடும்பப் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறவனுக்கு வேறொன்று பிடிபடும். கதை எங்கே நொண்டுகிறதோ அங்கேதான் படத்தின் அசல் போதனை பதுங்கியிருக்கிறது. நேர்மையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி அந்த இடத்தில் எழுகிறது. திரைக்கதையாசிரியர் அங்கே தற்செயலைக் கூப்பிடுகிறார், அல்லது ஒருவனைக் கெட்டவனாக்குகிறார், அல்லது ஒரு பெண்ணுக்கு ஆபத்தை வரவழைக்கிறார்.

‘பாக்பான்’ கதையைத் தெரியாதவர்கள் குறைவு. தொலைக்காட்சியில் அத்தனை தடவை போட்டிருக்கிறார்கள். ரவி சோப்ரா இயக்கம், பி. ஆர். சோப்ராவின் நிறுவனத் தயாரிப்பு. ராஜ் மல்ஹோத்ராவாக அமிதாப் பச்சன், மனைவி பூஜாவாக ஹேமமாலினி. நான்கு மகன்கள். ராஜ் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெறுகிறார். இனிமேல் உங்களில் ஒருவரோடு இருக்கிறோம் என்று மகன்களிடம் சொல்கிறார். அவர்கள் கூடிப் பேசி, அம்மாவை ஒருவர் வீட்டிலும் அப்பாவை இன்னொருவர் வீட்டிலும் ஆறு மாதம் வைத்துக்கொள்வது, பிறகு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு சொல்கிறார்கள். பிரிந்திருக்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. பெற்றோர் சம்மதித்துவிடுகிறார்கள்.

இந்தக் கதை நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை வேண்டும்: ராஜிடம் பணம் இருக்கக் கூடாது. ஒரு சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்து இருவரும் இருக்க முடியுமென்றால் படம் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும். ஆகவே ஐசிஐசிஐ வங்கியில் வேலை பார்த்த மனிதரிடம் சேமிப்பே கிடையாது என்று வைத்திருக்கிறார்கள். வைப்புநிதிக்கும் காப்பீட்டுக்கும் ஊரெல்லாம் ஆள் பிடித்திருக்கக்கூடிய உத்தியோகம். சேமநல நிதி என்று ஒன்று, பணிக்கொடை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எல்லாம் பிள்ளைகளின் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்கிறது படம். அமெரிக்கப் படத்தில் இந்த இடம் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது பாருங்கள். கிழவர் பார்க்லி கூப்பருக்கு நான்கு வருடமாக வேலை இல்லை, கடன் கட்டவில்லை, வங்கி வீட்டை எடுத்துக்கொள்கிறது. தெரிந்த பிறகும் பிள்ளைகளிடம் கடைசி நாட்கள்வரை சொல்லாமல் இருந்திருக்கிறார். அது அவருடைய தவறு என்று நமக்குத் தெரிகிறது, பிள்ளைகளுக்கும் தெரிகிறது. ராஜுக்குத் தவறே கிடையாது. அவர் கை வெறுமையானது தியாகத்தால்.

தியாகம் என்ற சொல் வந்தவுடன் கணக்குப் புத்தகமும் திறந்துவிடுகிறது. படத்தின் தலைப்புக்குத் தோட்டக்காரன் என்று பொருள். நட்டேன், தண்ணீர் ஊற்றினேன், நிழல் கொடு என்கிறது படம். நான்கு மகன்களுக்குப் போட்ட முதல் வாராக்கடனாகிவிட்டது. அதே முதலை வாங்கிய அனாதைப் பையன் ஆலோக் மட்டும் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறான். வளர்த்தவரின் படத்தை வீட்டில் வைத்துக் கும்பிடுகிறான். பிள்ளை வளர்ப்பைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்ப்பது பற்றிப் படத்துக்கு ஒரு புகாரும் இல்லை. கட்டத் தவறியவர்கள் மேல்தான் கோபம். ஆலோக் வரும் காட்சிகளில் திரையரங்கில் கண்ணீர் பெருகியது நினைவிருக்கிறது; அமிதாப்பின் குரலுக்கு என் கண்ணும் கலங்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு நன்றி என்ற ஒரே குணத்தைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை. அவனுக்கு ஒரு எரிச்சல் இல்லை, மனைவியோடு ஒரு மனஸ்தாபம் இல்லை, வீட்டில் இடநெருக்கடி இல்லை. பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது எப்படி என்று காட்ட வந்த பாத்திரம், அந்த வாழ்க்கையின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக்கூட வாழ்ந்து காட்டுவதில்லை.

சாதாரண நாள் எப்படி இருக்கும் என்பதற்கு 1937 படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால் உலகக் குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறந்த பத்து நிமிடம் அதுதான். லூசி கிழவி மகன் ஜார்ஜ் வீட்டில் இருக்கிறாள். மருமகள் அனிடா வீட்டுக் கூடத்தில் சீட்டாட்ட வகுப்பு நடத்துகிறாள். பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறாள். கோட்டு சூட்டோடு ஆட்கள் மேசை மேசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவி நடுவில் தன் ஆடும் நாற்காலியைப் போட்டு உட்கார்கிறாள். நாற்காலி கிறீச்சிடுகிறது. ஆடிக்கொண்டிருப்பவர்களின் தோளுக்குப் பின்னால் போய் நின்று சீட்டைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அனிடா பல்லைக் கடிக்கிறாள். நமக்கும் எரிச்சல் வருகிறது. மெக்கேரி நம்மை முதலில் மருமகள் பக்கம் நிறுத்திவிடுகிறார். அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. தொலைவில் வேறொரு மகள் வீட்டில் இருக்கும் கணவர். அந்தக் காலத்துக் கிழவிக்குத் தொலைபேசியில் மெதுவாகப் பேச வராது, கத்துகிறாள். குளிருகிறதா, போர்த்திக்கொண்டு போகிறீர்களா என்று கேட்கிறாள். இவ்வளவு காசு செலவழித்துக் கூப்பிட்டீர்களே, இந்தக் காசுக்கு ஒரு கம்பளித் துணி வாங்கியிருக்கலாமே என்கிறாள். சீட்டாட்டம் நின்றுவிடுகிறது. பத்துப் பதினைந்து அந்நியர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் கிழவி மேல் எரிச்சல்பட்ட நாமும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறோம்.

அனிடா மேல் அப்போதும் கோபம் வருவதில்லை. அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். வீடு சிறியது. கிழவிக்குத் தனியறை இல்லை, பேத்தியின் அறையில் படுத்துக்கொள்கிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லாமலே ஒரு கொடுமை நடந்துகொண்டிருக்கிறது.

‘பாக்பா’னில் இதற்கு ஈடாக வருவது தட்டச்சு இயந்திரம். ராஜ் இரவில் உட்கார்ந்து தன் கதையைத் தட்டுகிறார். தூக்கம் கெடுகிறது என்று மகனும் மருமகளும் சண்டைக்கு வருகிறார்கள். சாப்பாட்டு மேசையில் தலைமாட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்தால், அது உங்கள் மகனுடைய இடம் என்று மருமகள் எழுப்பிவிடுகிறாள். நடுராத்திரியில் தட்டச்சு சத்தம் யாருக்கும் தொந்தரவுதானே. மறுநாள் காலை வேலைக்குப் போகிறவனின் தூக்கம் நியாயமான விஷயம். ஒரு நல்ல எழுத்தாளன் கையில் அது ஆடும் நாற்காலிக்கு நிகரான காட்சியாகியிருக்கும். ஆனால் மருமகளின் முகம் சுளிப்போடு இருக்கிறது, வசனம் விஷத்தோடு இருக்கிறது, பின்னணி இசை ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. நம்மை அவள் பக்கம் ஒரு நிமிடம்கூட நிற்க விடுவதில்லை. விட்டால் ஆபத்து. அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்றாகிவிட்டால் கடைசியில் ராஜ் பேசப்போகும் நீண்ட உரைக்கு எதிரி இல்லாமல் போய்விடும்.

தொலைபேசியும் இருக்கிறது. அது பாட்டாகிவிட்டது. ஒரு ஊரில் அவர், ஒரு ஊரில் அவள், நடுவில் அமிதாப்பே பாடும் டூயட். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுத் தலைகுனிய அந்த அறையில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு படத்திலும் கிழவருக்கு ஒரு கடைக்காரர் நண்பர் கிடைக்கிறார். பார்க்குக்கு வாய்ப்பவர் ரூபன்ஸ் என்ற யூதக் கடைக்காரர். பார்க்கின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதால் லூசியின் கடிதத்தை ரூபன்ஸ் வாசித்துக் காட்டுகிறார். பாதியில் நிறுத்திவிடுகிறார், இனிமேல் படிப்பது அடுத்தவர் அந்தரங்கம். பார்க் போன பிறகு உள்ளே குரல் கொடுத்துத் தன் மனைவியை ஒரு காரணமும் இல்லாமல் கூப்பிட்டுப் பார்க்கிறார். ராஜுக்குக் கிடைப்பது பரேஷ் ராவல். கலகலப்பான நல்ல மனிதர். ராஜ் எழுதியதைப் பதிப்பகத்துக்குக் கொண்டுசேர்ப்பது அவருடைய வேலை. புத்தகம் வெளியாகி, விற்று, ராஜ் ஒரே மூச்சில் புகழும் பணமும் உள்ளவராகிவிடுகிறார். ஓய்வுபெற்ற மனிதரின் முதல் புத்தகம் அவருக்குச் சோறு போடுவது எந்த நாட்டில் நடக்கிறது என்று இதைப் படிக்கும் எழுத்தாளர்கள் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது.

இனி பேத்திகள். படத்தின் பதுங்கிய போதனை இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. அமெரிக்கப் படத்தில் ரோடா பதினேழு வயதுப் பெண். கிழவி வீட்டுக்கு வந்த பிறகு தோழர்களைக் கூட்டிவர முடியவில்லை. பாட்டியைச் சினிமாவில் உட்காரவைத்துவிட்டு வெளியே நழுவி ஒருவனோடு சுற்றுகிறாள். பாட்டிக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு விவகாரம் பெரிதாகி வெடிக்கும்போது அனிடா, தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று லூசியிடம் பாய்கிறாள். தாயின் கேள்வி நியாயமானது. பாட்டி பேத்திமேல் வைத்த பாசமும் உண்மையானது. அந்த இரண்டும் மோதித்தான் லூசி வீட்டை விட்டுப் போக வேண்டியதாகிறது. பாட்டி பேத்திக்குப் புத்தி சொல்வதில்லை. நிலைமையைக் கண்திறந்து பார் என்று பாட்டியிடம் சொல்வது பேத்திதான். அதற்குக் கிழவி, பதினேழு வயதில் அது உற்சாகமான காரியம், எழுபதில் பார்க்காதமாதிரி இருப்பது மட்டும்தான் மிஞ்சியிருக்கும் சந்தோஷம் என்கிற பொருளில் பதில் சொல்கிறாள்.

‘பாக்பான்’ பேத்தி பாயலுக்கு நவீன உடை, இரவு விருந்து, ஆண் நண்பன் எல்லாம் உண்டு. முதலில் பாட்டியை மதிப்பதில்லை. ஒருநாள் நண்பன் அவளிடம் பலாத்காரமாக நடக்கப் பார்க்கிறான். சரியான நேரத்துக்குப் பாட்டி வந்து நின்று காப்பாற்றுகிறார். அன்றிலிருந்து பாயல் பாட்டி சொல் கேட்கும் பேத்தி. இந்தத் துண்டைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் ராஜ் பூஜா கதைக்கு ஒன்றும் குறையாது. பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவது பற்றிய படத்தில் இது ஏன் வருகிறது? பெரியவர்கள் வீட்டில் இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்வதற்கு. அப்படிச் சொல்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் துணிச்சல் எழுத்துக்கு இல்லாததால் ஒரு குற்றத்தை நடத்தி, அதைக் கொண்டு அவளைத் திருத்துகிறார்கள். பாலியல் வன்முறையைப் பிரம்பாகப் பயன்படுத்தும் இந்த வழக்கம் நம் தமிழ்ப் படங்களுக்கும் புதிதல்ல. பூஜா ஒரு வீட்டில், ராஜ் இன்னொரு ஊரில் இருக்கும்போது வரும் கர்வா சௌத் காட்சியும் இதே தட்டில்தான் வருகிறது. கணவன் ஆயுளுக்காக வடக்கே பெண்கள் இருக்கும் விரதம் அது. நல்ல மனைவி பட்டினி கிடக்கிறாள்; சேலையும் விரதமும் உள்ள தலைமுறை ஒரு பக்கம், இல்லாத தலைமுறை இன்னொரு பக்கம்.

கூப்பர் தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள், அதில் மகள்களும் உண்டு. அம்மாவை வைத்துக்கொள்ள மனமில்லாத மகள், அப்பாவைக் கடுகடுவென்று நடத்தும் மகள் என்று பெற்ற பெண்களும் குற்றத்தில் பங்கு வகிக்கிறார்கள். மல்ஹோத்ராவுக்கு நான்கும் ஆண். இது தற்செயல் என்று நம்புவது கடினம். ஒரு மகள் இருந்திருந்தால் அவள் இன்னொரு வீட்டின் மருமகளாக இருந்திருப்பாள். அப்பாவை அழைத்துப்போகவும் முடியாமல், மாமியாரைக் கவனிக்காமலும் இருக்க முடியாமல் அவள் திண்டாடுவதை எழுத வேண்டிவந்திருக்கும். மகளே இல்லாததால் பழி முழுவதும் வெளியிலிருந்து வந்த பெண்கள் தலையில் பத்திரமாக இறங்குகிறது. மகன்கள் கெட்டவர்களாக இருப்பதற்குக்கூடப் பாதிக் காரணம் மனைவிமார்தான் என்கிற தோரணை.

இன்னொன்றும் கேட்கலாம். ராஜின் பெற்றோர் எங்கே? பூஜாவின் பெற்றோர் எங்கே? நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இந்தத் தம்பதி தங்கள் தாய் தகப்பனைக் கடைசிக் காலத்தில் எப்படி வைத்திருந்தார்கள்? மூன்று மணி நேரப் படத்தில் அவர்கள் எங்கும் தட்டுப்படவில்லை. பூஜாவின் தாயை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு வழக்கமான விடை, அவருடைய மகன், அதாவது உண்மையில் அந்த மகனின் மனைவி, பூஜாவின் அண்ணி. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. பெற்றோர் கடமை என்று இந்தப் படங்கள் பேசுவது நடைமுறையில் பையனைப் பெற்றவர்களின் உரிமை மட்டுமே என்பதைச் சொல்லாமல் சொல்லும் இடம் இந்த வெற்றிடம்.

‘பாக்பான்’ வந்தது 2003 அக்டோபர். மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்ற நிலை 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதே வருடம் ஜூலையில், ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டது உள்ளிட்ட காரணங்களுக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதை நாம் பார்த்தோம். முதுமையில் சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்வி தெருவுக்கு வந்துவிட்ட வருடத்தில், அது மகன்களின் மனசாட்சியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு படம் வந்து நன்றாக ஓடியது. யாரும் திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொல்லவில்லை. படம் எடுத்தவர்களுக்கு ஓய்வூதியம் பற்றி ஒரு நினைப்பும் இருந்திருக்காது, அதுதான் விஷயம். நான்கு வருடம் கழித்து, 2007இல், பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் மாதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய்வரை கொடுக்க உத்தரவிடலாம், கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. படத்தின் நீதியும் சட்டத்தின் நீதியும் ஒரே மேசையில் எழுதியவைபோல் இருக்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் வந்தாலும் மாதாந்தரப் பணம் 1940இல்தான் கைக்கு வரத் தொடங்கியது. கூப்பர் தம்பதி அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள்.

பிள்ளைகள் பிரித்துவைக்கும் பெற்றோர் கதை நமக்கு ‘பாக்பா’னோடு வந்ததல்ல. பி. ஆர். பந்துலு 1958இலேயே கன்னடத்தில் ‘ஸ்கூல் மாஸ்டர்’ எடுத்துவிட்டார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கர்ணன்’ எடுத்த அதே பந்துலு. ஓய்வுபெற்ற ஆசிரியரையும் மனைவியையும் மகன்கள் ஆளுக்கொரு வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். பழைய மாணவன் போலீஸ் அதிகாரியாகி வந்து காப்பாற்றுகிறான். இந்தி, மலையாளம், தெலுங்கு என்று சுற்றி 1973இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. சல்மான் கானின் பூர்வீகம் அந்தப் போலீஸ்காரனிடம் இருக்கிறது. பெற்ற பிள்ளை கைவிட்டால் பெறாத பிள்ளை வருவான் என்ற இந்த உத்தி நமக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. கைவிடப்பட்டவர்களைக் காட்டுவோம், ஆனால் கைவிடப்பட்டவர்களாகவே விட்டுவிட மாட்டோம்.

1970இல் வந்த ‘வியட்நாம் வீடு’ ஓரளவு விலகி நிற்கிறது. சுந்தரம் எழுதிய நாடகம் அது, பி. மாதவன் படமாக்கினார். அதிலும் ஓய்வுபெற்ற அப்பா, அதிலும் பிள்ளைகளின் அலட்சியம், அதிலும் மருமகள்மேல் பழி. ஆனால் பிரஸ்டீஜ் பத்மநாபனுக்கு ஒரு குணக்கேடு இருக்கிறது, அது அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வறட்டுப் பெருமை அவரையும் வீட்டையும் வாட்டுவதைச் சிவாஜி ஒளிக்காமல் நடித்தார். மிகை இருக்கிறது, நாடக மேடையின் சத்தம் இருக்கிறது. இருந்தாலும் அப்பா தரப்பிலும் ஏதோ சரியில்லை என்று எழுத்து ஒத்துக்கொள்கிறது. அந்த ஒரு விரிசல் வழியாகக் காற்று வருகிறது. ராஜ் மல்ஹோத்ராவிடம் அப்படி ஒரு விரிசல்கூட இல்லை.

மெக்கேரியின் படத்தை நினைவில் வைத்திருந்த கோகோ நோடா, இயக்குநர் ஓசுவோடு சேர்ந்து ‘டோக்கியோ ஸ்டோரி’யை எழுதினார். 1953இல் வந்தது. அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு அவளுடைய கிமோனோவை நினைவுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும் மகள் ஷிகேயை நாம் வெறுக்கத் தொடங்கும்போதே, அவளுடைய அழகுநிலைய வேலையும், அப்பா ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கும். விதவை மருமகள் நொரிகோவை நாம் தெய்வமாக்கப் போகும்போது, நான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்று அவளே மறுக்கிறாள். ஆலோக்குக்கு அப்படி மறுக்க அனுமதி கொடுத்திருந்தால் ‘பாக்பான்’ வேறு படமாகியிருக்கும்.

குடும்பப் படத்தில் நீதி சொல்லக் கூடாது என்பது என் கட்சி இல்லை. மெக்கேரி தன் படத்தைத் தொடங்குவதே எழுத்தால்தான். இளமைக்கும் முதுமைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றிச் சில வரிகள், முடிவில் தாய் தந்தையைக் கனம்பண்ணச் சொல்லும் வேதக் கட்டளை. நீதியை வாசலிலேயே பலகையில் எழுதி மாட்டிவிடுகிறார். உள்ளே போனால் அந்தக் கட்டளை யாருக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. கனம்பண்ண நினைக்கிறவனுக்கு அறை இல்லை. அறை இருக்கிறவளுக்குக் கணவனின் சம்மதம் இல்லை. பலகையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. ‘பாக்பா’னில் பலகை கடைசியில் வருகிறது. புத்தகப் பாராட்டு விழா, மேடை, ஒலிபெருக்கி, எதிரில் நாகரிகமான கூட்டம். ராஜ் நீளமாகப் பேசுகிறார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிறது. எங்கே அழ வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று திரைக்குள்ளேயே ஆட்களை உட்காரவைத்துக் காட்டிவிடுகிறார்கள். பணம் வந்ததும் மன்னிப்புக் கேட்க மகன்கள் வருகிறார்கள். அவர் மன்னிக்க மறுக்கிறார். அந்த மறுப்பு துணிச்சலானது என்று அப்போது பலர் எழுதினார்கள். புத்தகம் விற்காமல் இருந்து, ஆலோக்கும் கார் கடைக்கு வராமல் இருந்து, அதற்குப் பிறகும் மறுத்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

முடிவை மாற்றச் சொல்லிப் பாரமவுண்ட் நிறுவனம் மெக்கேரியை வற்புறுத்தியது. அவர் மாற்றவில்லை. படம் ஓடவில்லை, நிறுவனத்தில் அவர் இடமும் போனது. அவர் காப்பாற்றிய முடிவில் ரயில் நிலையமும் பிரிவும் இருப்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு துணுக்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. இரவுச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் வருவார்கள் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிடுகிறார். இனி ரயில் நிலையத்துக்கு ஓடினால்தான் வழியனுப்ப முடியும். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஜார்ஜ் நகரவில்லை. அவர்கள் தனியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தியிருக்கிறான். ஒரு மகள் பதறுகிறாள்: போகாவிட்டால் நம்மை மோசமானவர்கள் என்று நினைக்கமாட்டார்களா? நாம் அப்படித்தானே இருக்கிறோம் என்று ஜார்ஜ் திருப்பிக் கேட்கிறான். யாரும் அழுவதில்லை, யாரும் மன்னிப்புக் கேட்டு ஓடுவதில்லை. ‘பாக்பா’னின் நான்கு மகன்களில் ஒருவனுக்காவது, மூன்று மணி நேரத்தில் எங்காவது ஓரிடத்தில், அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம்.